பீட்டர் பானைத் திட்டாதீங்க, முதல்ல ஜன்னலைப் பாருங்க

இந்த ஸ்கூல் லீவுலயும் அதேதான். பங்க் பெட் (ஒண்ணு மேல ஒண்ணா இருக்கிற அடுக்குக் கட்டில்) மேல்தட்டுல இருந்து "பறந்து" வந்த ஒரு அஞ்சு வயசுப் பொண்ணு, முழங்கை பலூன் மாதிரி வீங்கிக் கெடக்கு. நான் இங்கிலாந்துல குழந்தைங்க எமர்ஜென்சில இருக்கேன், இந்த முழங்கையைப் பாத்தா எலும்பு ஒடஞ்சிருக்குன்னு எக்ஸ்ரேக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரிஞ்சிடும். ஆனா அப்பா கேட்டது ஆபரேஷன் பத்தி இல்ல. "எல்லாம் இந்த பீட்டர் பான் புக்காலதான் டாக்டர், இனிமே மாயாஜாலக் கதையே வீட்டுக்குள்ள வரக்கூடாது"ன்னாரு.

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு, அதனால ஒரு தடவை விளக்கமாவே சொல்லிடறேன். பறக்கிற பையனோட கதையான பீட்டர் பான் நாடகம் லண்டன்ல மேடையேறினது 1904ல. அதைப் பாத்துட்டுப் போன பசங்க கட்டில்ல இருந்து குதிச்சு டாக்டர்கிட்ட போற அளவுக்கு அடிபட்டுக்கிட்டாங்க, பெத்தவங்க வந்து நாடகத்தை எழுதின ஜே. எம். பாரிகிட்ட முறையிட, அவரு "தேவதைத் தூள் மேல பட்டாத்தான் பறக்க முடியும்"னு நாடகத்துல புதுசா சேத்தாரு. இதைப் பின்னாடி அவரே எழுதியும் வச்சிருக்காரு. அதாவது நீங்க ரசிக்கிற அந்த மினுமினு தூளே ஒரு பாதுகாப்பு எச்சரிக்கைங்க!

சி. எஸ். லூயிஸ் எழுதின நார்னியா மாயாஜாலக் கதை வரிசையோட முதல் புக்கும் (1950) அப்படித்தான். அலமாரிக்குள்ள போற லூசி கதவைத் திறந்தே வைக்கிறா, ஏன்னா உள்ள போய் மூடிக்கிறது முட்டாள்தனம்னு அவளுக்குத் தெரியும். லூயிஸ் இதை ஒரு தடவை சொல்லிட்டு விடல, அவ அண்ணன் எட்மண்ட் மூடும்போது ஒரு குத்து குத்துறாரு, அப்புறம் பெரிய அண்ணன் பீட்டர் (இது வேற பீட்டர்) வரும்போது மறுபடியும் சொல்றாரு. ஈ. நெஸ்பிட்ங்கிற எழுத்தாளரோட கதையில வர்ற மணல் தேவதை (1902) எப்பப் பாத்தாலும் சிடுசிடுன்னு இருக்கும், வரம் குடுக்கும், ஆனா சூரியன் மறைஞ்சா வரமும் போச்சு. ரெக்கை கேட்டு வாங்கின பசங்க சர்ச் கோபுரத்து உச்சியில தூங்கிட்டு, இருட்டுல ரெக்கை இல்லாம முழிக்கிறாங்க, கத்திக் கத்தி யாராவது வந்து இறக்கிவிட வேண்டியிருக்கு. குழந்தைங்க செஞ்சு பாப்பாங்கன்னு இந்த எழுத்தாளருங்களுக்கெல்லாம் நல்லாவே தெரியும். சுருக்கின படப் புத்தகம் சிலதுல இந்த வரிங்களை எல்லாம் வெட்டிட்டு பறக்கிறதை மட்டும் வச்சிருக்காங்க, முடிஞ்சா முழுசைப் படிச்சுக் காட்டுங்க.

எனக்கு உண்மையிலேயே பயம் தர்றது பறக்கிற கதை இல்ல, பாட்டில் கதை. அற்புத உலகத்துக்குப் போற ஆலிஸ் (1865) "என்னைக் குடி"ன்னு எழுதின பாட்டில்ல விஷம்னு போட்டிருக்கான்னு தேடுறா, இல்லைன்னதும் குடிச்சிடறா. குழந்தைங்களைப் பாத்துக்கிற மாயாஜால ஆயா மேரி பாப்பின்ஸ் (1934) ஒரே பாட்டில்ல இருந்து மருந்து ஊத்தினா, அவ பாத்துக்கிற பசங்கள்ல மைக்கேலுக்கு ஸ்ட்ராபெரி ஐஸ் ருசி, ஜேனுக்கு லைம் ஜூஸ் ருசி. நம்ம பாரசிட்டமால் சிரப்பும் ஸ்ட்ராபெரிதானே! அதை "ஜூஸ் குடிடா கண்ணா"ன்னு குடுக்கிறது மேரி பாப்பின்ஸ் இல்ல, நீங்கதான்.

அதனால தயவுசெஞ்சு கேளுங்க. பங்க் பெட் மேல்தட்டு ஆறு வயசுக்குக் கீழ வேணாம், கெஞ்சினாலும் அழுதாலும் வேணாம். மாடி ஜன்னலுக்கு பத்து சென்டிமீட்டருக்கு மேல திறக்காதபடி ரெஸ்ட்ரிக்டர் (ஜன்னல் அகலமா திறக்காம தடுக்கிற கொக்கி) போடுங்க, ஜன்னல் பக்கத்துல கட்டில், சோபா எதையும் வைக்காதீங்க. பழைய ஃப்ரிட்ஜைத் தூக்கிப் போடற வரைக்கும் ஷெட்ல வைக்கிறீங்கன்னா, பசங்க உள்ள போய் மாட்டிக்காம இருக்க கதவைக் கழட்டிட்டு வைங்க. மருந்து உசரத்துல, பூட்டுக்குள்ள. அழுத்தித் திருகுற மூடி கொஞ்ச நேரம்தான் தாங்கும், நாலு வயசுப் புள்ளைங்க திறந்து நான் பாத்திருக்கேன். டெட்டால், ஃப்ளோர் கிளீனர் எதையும் பழைய கூல்ட்ரிங்க்ஸ் பாட்டில்ல ஊத்தி வைக்கவே வைக்காதீங்க, இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது.

கை ஒடஞ்சிருக்கும்னு தோணுச்சுன்னா வர்ற வழியில பிஸ்கட், பால் எதுவும் குடுக்காதீங்க, மயக்க மருந்து குடுக்க வேண்டி வரலாம். பசிக்குதுன்னு அழுதா அந்தக் கதையையே சொல்லிக்கிட்டு வாங்க. மருந்து, கிளீனர்னு எதையாவது குடிச்சிட்டாலும் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கிறது, உப்புத் தண்ணி குடுக்கிறது ரெண்டும் கூடாது. புள்ள நல்லா முழிச்சிருந்தா உடனே 111க்கு (இங்கிலாந்து மருத்துவ உதவி நம்பர்) ஃபோன் பண்ணுங்க, மயங்கினாலோ மூச்சு விடத் திணறினாலோ 999க்கு (ஆம்புலன்ஸ்). வரும்போது அந்தப் பாட்டிலை மறக்காம கையோட எடுத்துட்டு வாங்க, எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாத்தாத்தான் எங்களால கணக்குப் போட முடியும்.