பன்றிப் பண்ணை மானியம்: ஆண் பன்றிகளை எங்கிருந்து வாங்குவது?

தேசிய கால்நடை இயக்கம் 2021-22இல் திருத்தியமைக்கப்பட்டபோது கொண்டுவரப்பட்ட தொழில்முனைவோர் மேம்பாட்டுத் திட்டத்தில், பன்றி இனப்பெருக்கப் பண்ணை தொடங்குவோருக்கு மூலதனச் செலவில் 50 விழுக்காடு மானியமாக வழங்கப்படுகிறது. 50 பெண் பன்றிகளும் 5 ஆண் பன்றிகளும் கொண்ட பண்ணைக்கு இதன் உச்சவரம்பு 15 லட்சம் ரூபாய். 100 பெண் பன்றிகளும் 10 ஆண் பன்றிகளும் என்றால் 30 லட்சம் ரூபாய். தனிநபர், சுய உதவிக் குழு, கூட்டுப் பொறுப்புக் குழு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஆகிய எவரும் விண்ணப்பிக்கலாம். கொட்டகை, கருவிகள், இனப்பெருக்கப் பன்றிகள் ஆகியவற்றுக்கான செலவு கணக்கில் கொள்ளப்படும். நிலம் வாங்குவதும் வாடகையும் குத்தகையும் சொந்த வாகனமும் சேராது. விண்ணப்பம் உத்யமி மித்ரா இணையதளம் வழியாக மட்டுமே. மானியம் இரண்டு தவணைகளாக வரும். பண்ணை முழுமையடைந்ததை அதிகாரிகள் நேரில் பார்த்து உறுதி செய்த பிறகே இரண்டாவது தவணை விடுவிக்கப்படும். குமரி மாவட்டத்தில் இருப்பவர்கள் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலோ நாகர்கோவிலில் உள்ள மண்டல இணை இயக்குநர் அலுவலகத்திலோ விசாரித்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

இவ்வளவையும் பெரும்பாலானோர் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பத்துக்கு ஒன்று என்ற கணக்கை வெறும் தலை எண்ணிக்கையாக எடுத்துக்கொள்வதில்தான் பண்ணைகள் சறுக்குகின்றன. ஒரே ஈத்தில் பிறந்த ஐந்து ஆண் குட்டிகளை மலிவாக வாங்கிக் கட்டினாலும் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும்; மரபுவழியில் பார்த்தால் அவை ஐந்தும் அண்ணன் தம்பிகள். அவற்றின் பிள்ளைகளைத் தங்களுக்குள் இணைத்தால், இரத்த உறவு நெருங்கிக்கொண்டே போகும்.

தகப்பன் மகளோடு சேர்ந்து பிறக்கும் குட்டியின் எந்த ஒரு மரபணு இணையை எடுத்தாலும், இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையாக இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மறைந்து கிடந்த குறைகள் வெளியே வருவது இப்படித்தான். வெளியிலிருந்து ஒரு பன்றியையும் சேர்க்காத மந்தையில், மொத்தமே 10 பெண் பன்றிகளும் ஓர் ஆண் பன்றியும்தான் என்றால், உள்ளினச்சேர்க்கை, அதாவது நெருங்கிய இரத்த உறவுக்குள்ளேயே இணைவதன் அளவு, ஒரு தலைமுறைக்குச் சுமார் 14 விழுக்காடு ஏறும். 50க்கு 5 என்றால் சுமார் 2.75 விழுக்காடு, 100க்கு 10 என்றால் சுமார் 1.4 விழுக்காடு. ஒரு தலைமுறைக்கு 1 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும் என்பதே கால்நடை மரபுவளப் பாதுகாப்பில் பொதுவாகக் கொள்ளப்படும் எல்லை. ஆகவே 30 லட்சம் மானியம் பெறும் பெரிய பண்ணைகூடத் தன் மந்தைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க முடியாது. பெண் பன்றி சுமார் எட்டு மாதத்தில் சினைக்கு வந்துவிடுவதாலும், சினைக்காலம் 114 நாட்களே என்பதாலும், தலைமுறைகள் கண்முன்னே ஓடிவிடுகின்றன.

திருவட்டார் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் இருந்த ஒரு சிறிய கொட்டகையில் இதை நான் பார்த்திருக்கிறேன். மரச்சீனிக் கிழங்கும் ஓட்டல் கழிவும் போட்டு அக்கறையாக வளர்த்தவர் அவர். ஆண் பன்றி ஒன்றுதான். அதன் மகள்களையும் அதனோடே சேர்த்திருந்தார். முதல் ஈத்துகளில் பத்துக்கு மேல் குட்டி போட்ட கொட்டகையில், பிறகு ஆறு குட்டிகள் கிடந்தன. அதில் ஒன்றுக்கு மலத்துவாரமே இல்லை, இன்னொன்றுக்குத் தொப்புளில் குடல் இறங்கியிருந்தது. தீவனத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம். மாற்ற வேண்டியது ஆண் பன்றியை.

எனவே திட்ட அறிக்கை எழுதும்போதே, ஆண் பன்றிகளைக் குறைந்தது இரண்டு மூன்று தொடர்பில்லாத பண்ணைகளிலிருந்து வாங்குவதாக எழுதுங்கள். விற்பவரிடம் தாய் தந்தை விவரம் கேளுங்கள், சொல்ல முடியாதவரிடம் வாங்க வேண்டாம். லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் பரவலாகக் கிடைக்கும் இனம். காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய தனுவாஸ் கேபிஎம் கோல்டு, முக்கால் பங்கு யார்க்‌ஷயரும் கால் பங்கு நாட்டுப் பன்றியும் சேர்ந்த கலப்பினம். நாட்டு இரத்தத்தை அடியோடு ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நம் வெப்பத்தையும் எளிய தீவனத்தையும் தாங்கும் தன்மை அதில்தான் இருக்கிறது.

கால்நடைக் காப்பீட்டுக்கு ஒவ்வொரு பன்றிக்கும் காதுவில்லை பொருத்த வேண்டும். அதே எண்ணை ஒரு நோட்டில் எழுதி, எதிரே தாயின் எண், தந்தையின் எண், பிறந்த நாள், ஈத்தில் எத்தனை குட்டி என்று குறித்துவந்தால், எதை எதோடு சேர்க்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். 2024இல் செய்யப்பட்ட மாற்றத்துக்குப் பிறகு காப்பீட்டு பிரீமியத்தில் வளர்ப்பவர் கட்ட வேண்டியது 15 விழுக்காடுதான். மீதியை மத்திய, மாநில அரசுகள் 60:40 என்று பகிர்ந்துகொள்கின்றன. ஓர் ஆண் பன்றியின் மகள்கள் பருவத்துக்கு வருமுன் அதை வேறு கொட்டகைக்கு மாற்ற வேண்டும். பண்ணைக்காரர் இருவர் பேசிவைத்து ஆண் பன்றிகளை மாற்றிக்கொள்ளலாம். செலவே இல்லாத வழி அது.

ஒன்றில் மட்டும் அவசரப்படக் கூடாது. 2020இல் அசாமில் தெரியவந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், 2022இல் கேரளத்தின் வயநாட்டுக்கும் வந்துவிட்டது. மனிதரைத் தாக்காது என்றாலும் மந்தையையே அழித்துவிடும் நோய் அது. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டி வந்தாலும் பக்கத்து ஊரிலிருந்து வந்தாலும், புதிய பன்றியை வாங்குமுன் அங்கே நோய்க் கட்டுப்பாடு எதுவும் உள்ளதா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிட்டு, வந்தபின் ஒரு மாதமாவது தனிக் கொட்டிலில், தனித் தொட்டியில் தீவனம் வைத்து வளருங்கள்; அதன் பிறகே மந்தையோடு சேர்க்க வேண்டும். அந்தத் தனிக் கொட்டிலையும் முதல் நாளிலேயே கொட்டகை வரைபடத்திலும் மதிப்பீட்டிலும் சேர்த்துக் காட்டிவிடுங்கள்.