கார்டியன் யார் என்பதில் தகராறு வந்தால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

பிள்ளைக்கு யார் பொறுப்பு என்பதில் உறவுக்குள் ஒத்துப்போகவில்லை என்றால், இந்தியாவில் அந்த வழக்கு 1890-ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டப்படி நடக்கும். அதில் சொல்லப்படும் கோர்ட் மாவட்ட நீதிமன்றம். 1984-இல் குடும்ப நல நீதிமன்றங்களுக்குத் தனிச் சட்டம் வந்தது. அப்புறம், அந்த நீதிமன்றம் உள்ள இடங்களில், மைனர் யாரிடம் வளர்வது, மற்றவர் எப்போது வந்து பார்ப்பது என்பதெல்லாம் பொதுவாக அங்கேதான் விசாரிக்கப்படுகிறது. பிள்ளையின் சொத்துக்கு மட்டும் கார்டியன் கேட்டால் மாவட்ட நீதிமன்றம்தான்.

சரி, எந்த ஊர் கோர்ட்? பலர் தடுமாறுவது இங்கேதான். மனு போடுபவர் எங்கே இருக்கிறார், கல்யாணம் எங்கே நடந்தது என்பதெல்லாம் கணக்கில் வராது. 1890 சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, மைனர் வழக்கமாக வசிக்கும் இடத்துக்கு உரிய கோர்ட்டில்தான் மனு போட வேண்டும். சொத்து விஷயம் என்றால் சொத்து இருக்கும் ஊரிலும் போடலாம்.

வழக்கு வரும் என்று தெரிந்து பிள்ளையை ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஊருக்குக் கூட்டிப் போய்விட்டால் அதுவே வசிப்பிடம் ஆகிவிடாது. பிள்ளை எங்கே இருந்து வந்தது, எந்த எண்ணத்தில், எவ்வளவு காலம் என்பதைச் சாட்சியம் வைத்துத்தான் நீதிபதி முடிவு செய்வார். அதனால் பள்ளிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, முகவரி ஆவணம் எல்லாவற்றையும் முதல் நாளே சேர்த்து வையுங்கள். தப்பான ஊரில் போட்ட மனு திரும்பி வரும்போது வீணாவது பிள்ளையின் மாதங்கள்.

விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடக்கிறதா? இந்து திருமணச் சட்டம் 26-ஆம் பிரிவில் அதே கோர்ட்டே பிள்ளைகள் பற்றியும் உத்தரவிடலாம்.

பிள்ளையைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவோடு நேராக உயர் நீதிமன்றம் போகலாமே என்று தோன்றும். பிள்ளையைச் சட்டவிரோதமாக வைத்திருப்பது தெளிவாகத் தெரிந்தால் அது உதவும். விரிவான விசாரணை தேவைப்பட்டால் குடும்ப நல நீதிமன்றத்துக்கே போகச் சொல்வார்கள். அவசரத்துக்கு அங்கேயே 1890 சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்கலாம்.

எந்தக் கோர்ட்டானாலும் பிள்ளையின் நலன்தான் முதலில். விவரம் தெரிந்த வயது என்றால் அதன் விருப்பத்தையும் கேட்கலாம். கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. குடும்ப நல நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதை இரண்டு நீதிபதிகள் சேர்ந்து விசாரிப்பார்கள்.