படகுக்கும் வேலைக்கும் இடையில் ரெசின்

உப்புவெளிப் பக்கம் பைபர் படகு கட்டும் பட்டறை ஒன்றின் கணக்கு வழக்குகளைக் கவனிக்கும் வாசகி ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். படகில் என்னென்ன பாகங்கள் உள்ளன என்பதற்கு அவரிடம் ஓர் எக்செல் தாள் இருக்கிறது. எந்த வேலையை யார், எந்த நாளில் செய்கிறார் என்பதற்கு இன்னொரு தாள் இருக்கிறது. ஒன்றைத் திருத்தினால் மற்றையது பொய்யாகிவிடுகிறது. இரண்டையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவர வழியுண்டா என்பது அவருடைய கேள்வி.

முதல் தாளை உற்பத்திப்பொருள் மாதிரி என்றும் இரண்டாவதைச் செயன்முறை மாதிரி என்றும் கொள்ளலாம். படகு, அதற்குள் உடற்பகுதி, அதற்குள் விலாச்சட்டங்கள் என்று பொருள் கிளைவிடுவதைப் போலவே வேலையும் உபவேலைகளாகக் கிளைவிடுகிறது. இத்தகைய கிளையமைப்பைக் கையாளும் முறை, 1994 இல் நான்கு கணினியியலாளர்கள் நூலாகத் தொகுத்த 23 மென்பொருள் வடிவமைப்புப் பாங்குகளுள் (அடிக்கடி எழும் சிக்கல்களுக்கான ஆயத்தத் தீர்வுகளுள்) ஒன்று என்பதால் அதில் சிக்கல் எதுவும் இல்லை. இரண்டு கிளையமைப்புகளையும் எந்த இடத்தில் முடிச்சுப் போடுவது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஒவ்வொரு பாகத்துக்குள்ளும் அதற்குரிய வேலைகளைப் பட்டியலிட்டு வைப்பதே எவருக்கும் முதலில் தோன்றும் வழி. ஆனால் ஒரே வகை விலாச்சட்டம் புதுப் படகில், படகை வார்க்கும் அச்சுக்குள்ளேயே பதிக்கப்படும். பழுதுபார்க்க வந்த படகிலோ பழையதை அறுத்தெடுத்துச் சுரண்டிய பின்னரே பதிக்கப்படும். அப்போது பாகம் ஒன்றாயிருக்க, அதன் வரையறை இரண்டாகிவிடுகிறது. மறுதலையாக, வேலைக்குள் பாகங்களை எழுதி வைத்தால், ஒரு பாகத்தின் அளவு மாறும்போது அது எழுதப்பட்ட வேலைகளையெல்லாம் தேடித் திருத்த வேண்டியிருக்கும்.

மூன்றாவது வழி, இரண்டுக்கும் இடையிலான உறவையே ஒரு தனிப் பதிவாக்குவது. 2013 இல் ஐ.எஸ்.ஓ. 16739 என்ற எண்ணுடன் சர்வதேச நியமமான ஐ.எஃப்.சி. எனும் கட்டடத் தரவு மாதிரி இவ்வழியையே பின்பற்றுகிறது. அதில் சுவரும் சுவர் கட்டும் பணியும் ஒன்றையொன்று நேரடியாகச் சுட்டுவதில்லை. இரண்டையும் சுட்டுகின்ற மூன்றாவது பதிவொன்று நடுவே நிற்கிறது. வெறும் இணைப்புக் கம்பிபோலத் தோன்றும் இந்தப் பதிவுக்குத் தன்னுடையதென்று சில தகவல்கள் உண்டு என்பதை உணரும்போதுதான் இம்முறையின் அழகு புலப்படுகிறது.

பைபர் இழைகளைப் பிணைத்து இறுகும் பசைத்திரவமான ரெசினையே எடுத்துக்கொள்வோம். முடிந்த படகின் உடலில் எவ்வளவு ரெசின் இருக்கிறது என்பது பொருளின் பண்பு. ஆனால் வாளியின் அடியிலும் தூரிகையின் மயிரிலும் இறுகிப்போன ரெசின் எந்தப் படகின் பாகமுமல்ல. படகிலுள்ள அளவை மட்டும் வாங்கினால் நடுவேலையில் ரெசின் தீர்ந்துவிடும். ரெசினை இறுகவைக்க அதில் கலக்கும் ஹார்ட்னரின் கதை இன்னும் சுவையானது. பொதுவாக ரெசினின் எடையில் 1 முதல் 2 சதவீதம் வரை அது சேர்க்கப்படும். கச்சான் காற்று அனலாக வீசும் பகலில் கலவை விரைவில் இறுகிவிடுமென்பதால் கைதேர்ந்த தொழிலாளி அதைக் குறைத்தே ஊற்றுவார். அன்று அவர் ஊற்றிய அளவு படகின் வரைபடத்தில் இல்லை, "இரண்டாம் மெட் (பைபர் இழை விரிப்பு) போடுதல்" என்ற வேலையின் பொது வரையறையிலும் இல்லை. இந்தப் படகு, இந்த வேலை என்ற சந்திப்புக்கு மட்டுமே அது சொந்தமானது. படகு வார்க்கும் அச்சோ வேலைக்கு வந்து, பொருளில் சேராமல் திரும்பிப் போகிறது. ஆகவே நடுப்பதிவில் அளவோடு பங்கும் குறிக்கப்பட வேண்டும்: ரெசின் செலவாவது, அச்சு கருவி, உடற்பகுதி விளைவு.

இப்படி எழுதிவைத்தால் இரு பக்கமிருந்தும் கேள்வி கேட்க முடியும். ஒரு பீப்பா ரெசின் பழுது என்று பின்னர் தெரியவந்தால், அதிலிருந்து எந்தெந்தப் படகுகள் கட்டப்பட்டன என்று கேட்கலாம். எஞ்சின் பொருத்தும் பின்பலகையைத் தடிப்பாக்கினால் எந்தெந்த வேலைகள் பாதிக்கப்படும் என்றும் கேட்கலாம். மாற்றம் நேர்ந்தவுடன் தொடர்புள்ள வேலைகளுக்கு அறிவிக்கும் பாங்கும் அந்த 23 இல் உண்டு. ஆயினும் அறிவிப்பு வந்ததும் மென்பொருள் தானாகவே நாட்களை மாற்றிவிடக் கூடாது, "மீளப் பார்க்கவும்" என்று குறியிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ரெசின் இறுகியதா இல்லையா என்பதைத் தொட்டுப் பார்ப்பவர் பட்டறையில் இருக்கிறார்.

எல்லாவற்றையும் நடுப்பதிவில் திணிக்கவும் கூடாது. படகைக் கடலில் இறக்க நல்ல நேரம் பார்ப்பது நம்மிடையே வழக்கம். எனக்கு இராகு காலத்தில் நம்பிக்கையில்லை. என்றாலும் மென்பொருளைப் பொறுத்தவரை அது ஒரு வேலையின்மீது விதிக்கப்பட்ட நேரக் கட்டுப்பாடு, அவ்வளவுதான். எந்தப் பாகத்தையும் அது தொடாததால் செயன்முறைப் பக்கத்தில் எழுதினால் போதும்.

வாசகி இதற்காக மென்பொருள் எதையும் வாங்க வேண்டியதில்லை. இருக்கும் இரண்டு தாள்களிலும் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டு, மூன்றாவது தாளொன்றில் பாக எண், வேலை எண், படகின் எண், பங்கு, அளவு, நாள் என்று ஆறு நிரல்கள் போடட்டும். பழைய தாள்களிலிருந்து அங்கே இடம்பெயரும் தகவல்களை உடனே அழித்துவிட வேண்டும். ஒரே அளவு இரண்டு இடங்களில் கிடந்தால் பழைய தொல்லை மறுபடி தொடங்கிவிடும்.