ஆய்வகத் தொட்டியில் கொட்டியது எங்கே போகிறது?

கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்களுக்குச் சுற்றுச்சூழல் தணிக்கைக்குப் போனால் முதலில் மரங்களையும் சோலார் பேனல்களையும்தான் காட்டுவார்கள். நல்ல விஷயம்தான். நான் கேட்பது ஆய்வகங்களின் ஸ்டாக் ரிஜிஸ்டரை. எந்த ரசாயனம், எத்தனை பாட்டில், எந்தத் தேதியில் வந்தது என்று ஒழுங்காக எழுதியிருக்கும். பயன்படுத்திய பிறகு அது எங்கே போனது என்பதற்குப் பெரும்பாலும் பதிவே இருக்காது. கை கழுவும் தொட்டி வழியாகப் போயிருக்கும்.

சி.ஓ.டி. பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். கழிவுநீர் எவ்வளவு மாசுபட்டிருக்கிறது என்று அறிய மாணவர்கள் செய்யும் சோதனை. வழக்கமான ரிஃப்ளக்ஸ் முறையில் (ஆவியைக் குளிரவைத்துத் திரும்பக் குடுவையிலேயே விழவைத்துக் கொதிக்கவைப்பது) 20 மில்லி மாதிரிக்கு 0.4 கிராம் மெர்குரிக் சல்ஃபேட் என்ற பாதரச உப்பைப் போடுகிறோம். கூடவே பொட்டாசியம் டைகுரோமேட், சில்வர் சல்ஃபேட் கலந்த அடர் கந்தக அமிலம். அந்த 0.4 கிராமில் பாதரசம் மட்டும் சுமார் 270 மில்லிகிராம். ஆற்றிலோ பொதுச் சாக்கடையிலோ விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது என்கிறது சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொது வரம்பு. கணக்குப் போட்டால், ஒரே குடுவையில் இருக்கும் பாதரசம் 27,000 லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோகப் போதும். ஒரு வகுப்பில் இருபது குடுவைகள் ஓடுகின்றன.

"வளாகத்தில்தான் எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) இருக்கிறதே?" என்பார்கள். அங்கே வேலை செய்வது பாக்டீரியா. உணவுக் கழிவையும் கழிப்பறைக் கழிவையும் அவை தின்று சிதைக்கும். பாதரசம் ஒரு தனிமம், எந்த உயிராலும் அதைச் சிதைக்க முடியாது. பெரும்பகுதி அங்கே அடியில் தங்கும் சேற்றோடு ஒட்டிக்கொள்ளும். அந்தச் சேற்றைக் காயவைத்துத் தோட்டத்துக்கு உரமாகப் போடுகிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இந்த இடம்தான். தோட்ட வேலை செய்பவர் வெறுங்கையால் அள்ளுவது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்தது, யாருக்கும் சொந்தமில்லாத பழைய பொருட்கள். தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985க்குப் பிறகு சும்மா கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று 2010 பிப்ரவரியில் ஏலத்தில் விற்கப்பட்டது. உள்ளே கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. தில்லியின் மாயாபுரி காயலான் கடைக்காரர்கள் அதைப் பழைய இரும்பு என்றே பிரித்தார்கள். பலர் கதிர்வீச்சு பாதிப்போடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஏப்ரலில் ஒரு தொழிலாளி இறந்தார். கதிரியக்கப் பொருளை எப்படி அப்புறப்படுத்த வேண்டும் என்ற விதிகள் அப்போதே இருந்தன. ஆனால் அது இன்னதென்று சொல்ல ஏல நாளில் யாரும் இல்லை. நம் கல்லூரி அலமாரிகளிலும் லேபிள் உதிர்ந்த பாட்டில்கள், வருடக்கணக்காகத் திறக்காத ஈதர், காய்ந்துபோன பிக்ரிக் அமிலம் எல்லாம் இருக்கின்றன. கடைசி இரண்டும் வெடிக்கக்கூடியவை; திறந்து பார்க்கவோ நகர்த்தவோ வேண்டாம், விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஓய்வுபெறும் பேராசிரியருக்கு நோ டியூஸ் (பாக்கி இல்லை) சான்று தரும்போது நூலகப் புத்தகங்களைக் கேட்கிறோம். அவருடைய அலமாரியில் இருக்கும் ரசாயனங்களின் பட்டியலையும் கையெழுத்தோடு வாங்க வேண்டும்.

சரி, தொட்டிக்குப் பதிலாக என்ன? சி.ஓ.டி. கழிவு ஆறியதும் அதற்கென்றே வைத்த, அமிலம் தாங்கும் கேனில் ஊற்றுங்கள். குடுவையை முதலில் அலசிய தண்ணீரும் அதிலேயே போகட்டும். கரைப்பான்களுக்குத் தனிக் கேன். இரண்டையும் கலந்தால் சூடேறித் தீப்பிடிக்கலாம். கேன் மேல் உள்ளே என்ன இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து சேர்கிறது என்று எழுதி ஒட்டுங்கள். மூடிய குழாயில் செய்யும் ரிஃப்ளக்ஸ் முறைக்கு 2.5 மில்லி மாதிரியே போதும், பாதரசக் கழிவு பல மடங்கு குறையும். கற்பித்தலுக்கு அதுவே தாராளம் என்பது என் கருத்து.

2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள்படி இதை 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆண்டுக்குப் பத்து டன்னுக்குள் கழிவு உண்டாக்குபவர்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 180 நாள் வரை நீட்டித்துத் தரலாம். "எங்களிடம் இருப்பது நாலு கேன், இதற்காக கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு மையத்திலிருந்து வண்டி வருமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. துறைக்குத் துறை தனியாக அலையாமல், வளாகம் முழுவதுக்கும் பூட்டும் காற்றோட்டமும் உள்ள ஓர் அறை, ஒரு பொறுப்பாளர், ஒரே வாரிய அனுமதி என்று வைத்துக்கொண்டால் ஒரு நடைக்கான கழிவு சேர்ந்துவிடும். கழிவு வண்டி ஏறும்போது தரும் மேனிஃபெஸ்ட் (கழிவு அனுப்பியதற்கான ஆவணம்) நகலை ஸ்டாக் ரிஜிஸ்டரோடு சேர்த்துக் கோத்து வையுங்கள்.