பக்கத்து டீ தந்த சூடு

“ஜப்பான் வெண்டிங் மெஷின்களில் ஒரே பெட்டியிலிருந்து சூடான காபியும் ஜில்லென்ற டீயும் வருகிறதாமே, உள்ளே அடுப்பும் ஃபிரிட்ஜும் தனித்தனியாக வைத்திருக்கிறார்களா?” என்று கேட்டிருக்கிறார் டோக்கியோ கிளம்பும் வாசகர் ஒருவர்.

வாங்குவது எளிது. காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் கீழே ‘டொக்’கென்று விழும். பொத்தானை ஒட்டிய பட்டை சிவப்பு என்றால் சூடு, நீலம் என்றால் குளிர்ச்சி. சிவப்புப் பட்டையின் எழுத்துக்கு நடுவே ஓர் அலைக்கோடு நெளியும், ‘சூ…டா’ என்று நாம் இழுத்துச் சொல்வதுபோல. 10, 50, 100, 500 யென் நாணயங்களும் 1,000 யென் நோட்டும் போடலாம். 1, 5 யென் காசுகளை எடுக்காது. 2021-இல் வந்த புது 500 யென்னைப் பழைய மெஷின்கள் பல துப்பிவிடும். எனக்கு மூன்று முறை துப்பியது.

சரி, சூட்டுக்கு வருவோம். வீட்டு ஃபிரிட்ஜின் பின்புறத்தையோ பக்கவாட்டையோ தொட்டுப் பாருங்கள், கதகதப்பாக இருக்கும். உள்ளே இருக்கும் தக்காளியிடமும் மோரிடமும் பிடுங்கிய வெப்பம் அது. கூடவே கம்ப்ரஸர் தின்ற மின்சாரமும் வெப்பமாகிச் சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் சமையலறையில் கொட்டிவிடுகிறோம். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்தால் அறை குளிரும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், சூடுதான் ஏறும்.

இன்றைய ஜப்பான் மெஷின்கள் பல அந்த வெப்பத்தைக் கொட்டுவதில்லை. குளிர் அறைக் குழாயில் ஓடும் திரவம், டீ பாட்டில்களின் வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்துகிறது. அழுத்த அழுத்தச் சூடேறும், காற்றடிக்கும்போது சைக்கிள் பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதுபோல. சூடேறிய ஆவி நேரே காபி அறைக் குழாய்க்குள் போய்த் திரவமாக மாறி, சுமந்து வந்ததை அங்கே இறக்கிவைக்கிறது. அப்புறம் ஒரு குறுகிய வழியில் புகுந்து, அழுத்தம் தளர்ந்து, குளிர்ந்து, மறுபடியும் டீயிடம். இதுதான் ஹீட் பம்ப். மின்சாரத்துக்கு இங்கே சுமைகூலி வேலைதான். கம்பிச்சுருளைப் பழுக்க வைத்து அதே சூட்டைப் பெற இதைவிட அதிக மின்சாரம் வேண்டும். ஒரு பக்கம் 5 டிகிரி, சுவருக்கு அந்தப் பக்கம் 55 டிகிரி. ஜனவரி இரவில் ரயில் நிலைய வாசலில் என் கையைச் சுட்ட காபி டப்பாவுக்குப் பக்கத்து அறை டீ தன் சூட்டைக் கொடுத்திருக்கிறது!

கோடையில் சூடான காபி கேட்க ஆளில்லை என்பதால், அந்த அறையையும் குளிர் அறையாக மாற்றிவிடுவார்கள்.

இன்னொரு சிக்கனமும் உண்டு. அடுக்கில் இருக்கும் எல்லா டப்பாக்களையும் சூடாக்குவதில்லை, அடியில் அடுத்தடுத்து விழக் காத்திருக்கும் சிலவற்றை மட்டும்தான். ஒரு பஸ் கூட்டம் இறங்கிக் காபியாக வாங்கிக்கொண்டு போன பிறகு நீங்கள் போய் நின்றால், ‘தயாராகிறது’ என்ற சின்ன விளக்கு எரியலாம். பக்கவாட்டு நெம்புகோலைத் திருப்பிக் காசை எடுத்துக்கொண்டு அடுத்த மெஷினுக்கு நடங்கள். பானங்களுக்கு மட்டும் அங்கே 20 லட்சத்துக்கு மேல் நிற்கின்றன.