அழைக்கும் கருவியும் அழைக்கும் முறையும்

ஜார்ஜ் டவுனில் நான் வழக்கமாகச் செல்லும் ஒரு கிளினிக்கில் எண் சீட்டு இயந்திரம் வைத்திருந்தார்கள். தாதி பொத்தானை அழுத்தினால் அடுத்த எண் சுவர்ப்பலகையில் ஒளிரும். ஒரு மாலை 31ஆம் எண் உள்ளே இருந்தபோது, காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு தாய் 58ஆம் சீட்டோடு வந்து நின்றார். குழந்தையை முதலில் அனுப்பத் தாதி விரும்பினார். ஆனால் அந்த இயந்திரத்துக்கு 32ஐத் தவிர வேறெதையும் அழைக்கத் தெரியாது. "58ஆம் நம்பர், நீங்க உள்ள போங்கம்மா" என்று அவர் வாய்விட்டே அழைத்தார்.

இயந்திரம் பழுதாகவில்லை. எண்ணை ஒளிரச் செய்யும் திறனையும், வந்த வரிசையில்தான் அழைக்க வேண்டும் என்ற முடிவையும் ஒரே பெட்டிக்குள் பூட்டிவைத்ததால் வந்த தொல்லை அது. கணினி இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை வடிவமைப்பவர்கள் முதலாவதைப் பொறிமுறை என்றும், இரண்டாவதைக் கொள்கை என்றும் அழைக்கிறார்கள்.

கணினியில் ஒரே செயலி (பிராசசர்) பல பணிகளை மாறி மாறிச் செய்கிறது. டைமர் குறுக்கிட்டதும் கெர்னல் நடப்புப் பணிக்காகச் செயலி தன் ரெஜிஸ்டர்கள் என்னும் சிறு சேமிப்பிடங்களில் வைத்திருக்கும் மதிப்புகளை நினைவகத்தில் பத்திரப்படுத்தி, அடுத்த பணிக்கு நினைவகத்தில் எது எங்கே என்று காட்டும் வரைபடத்துக்கு மாறி, அது முன்பு விட்டுச்சென்ற மதிப்புகளை மீண்டும் ஏற்றுகிறது. இது பொறிமுறை, கைப்பேசியிலும் வங்கியின் சர்வரிலும் ஏறத்தாழ ஒன்றேதான். அடுத்தது எந்தப் பணி, அதற்கு எவ்வளவு நேரம் என்பது கொள்கை. அது இடத்துக்கு இடம் மாறியே தீரும்.

டென்மார்க்கின் ஆர்.சி. 4000 கணினிக்காக பெர் பிரிஞ்ச் ஹான்சன் 1969இல் உருவாக்கிய சிறு கெர்னலிலேயே இந்த எண்ணம் தெரிகிறது. அதைக் கடைசிவரை இழுத்துச் சென்று சோதித்தது, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஹைட்ரா என்னும் இயங்குதளம். பி.டி.பி.-11 என்ற வகைச் செயலிகள் 16 வரை இணைக்கத்தக்க சி.எம்.எம்.பி. என்னும் கணினிக்காக எழுதப்பட்ட அதன் கெர்னலைப் பற்றி, 1975இல் அக்குழுவினர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே கொள்கையையும் பொறிமுறையையும் பிரிப்பதைப் பற்றியதுதான்.

அவர்கள் கொள்கையைக் கெர்னலுக்கு வெளியே, சாதாரண நிரல்களிடம் ஒப்படைக்க முனைந்தார்கள். ஆனால் ஒவ்வொரு முறை பணி மாறும்போதும் வெளியே சென்று கேட்டுத் திரும்பினால், கேட்பதற்கே நேரம் போய்விடும். ஆகவே முன்னுரிமை, நேர அளவு, எந்தெந்தச் செயலிகளில் ஓடலாம் போன்றவற்றை வெளியிலுள்ள கொள்கை நிரல் முன்கூட்டியே குறித்துக் கொடுத்துவிடும். நொடிக்கு நொடி எழும் தேர்வுகளை அந்தக் குறிப்புகளின்படி கெர்னலே செய்யும். ஒரே நேரத்தில் பல கொள்கை நிரல்கள் இயங்கக்கூடும் என்பதால், ஒன்று மற்றொன்றின் பங்கை விழுங்காமல் காக்கும் பொறுப்பும் கெர்னலிடமே இருந்தது. முழுமையாகப் பிரிக்க முடியாது என்பதை மறைக்காமல், வெட்டுக்கோட்டை எங்கே போடுவது என்று பொறுமையாக ஆராய்ந்ததற்காகவே அந்தக் குழுவின் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

அதே வெட்டுக்கோட்டை லினக்ஸ் இயங்குதளத்திலும் காணலாம். 'நைஸ்' கட்டளையால் ஒரு பணிக்கு -20 முதல் 19 வரை ஒரு மதிப்பைக் கொடுக்கலாம். செயலி நேரத்தில் பணிக்குக் கிடைக்கும் பங்கைத் தீர்மானிக்கும் எண்ணை எடை என்பார்கள். மதிப்பு 0 என்றால் எடை 1024. 19 என்றால் வெறும் 15. ஒரே செயலிக்காக இவ்விரண்டும் ஓயாமல் போட்டியிட்டால், முதலாவதுக்கு 98 விழுக்காட்டுக்கு மேல் நேரம் கிடைக்கும். வீட்டில் நீண்ட காணொளி ஒன்றை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது அதற்கு 19 கொடுத்துவிட்டுத் தடங்கலின்றி எழுதிக்கொண்டிருப்பேன். எண்ணைத் தேர்ந்தது நான். ஆனால் 19க்கு எடை 15தான் என்று அட்டவணை போட்டது கெர்னல். அந்த அளவுக்குக் கொள்கை இன்னும் உள்ளேயே இருக்கிறது.

2024 நவம்பரில் வெளியான லினக்ஸ் 6.12, தேர்வு விதியையே வெளியிலிருந்து எழுதித்தர வழிவிட்டது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய விதியை பி.பி.எஃப். நிரலாக, அதாவது கெர்னலுக்குள் பாதுகாப்பாக ஓடவிடத்தக்க சிறு நிரலாக, ஏற்றலாம், ஏற்றும் முன் கெர்னல் அதைச் சரிபார்க்கும். ஏற்றிய பிறகும் கண்காணிப்பு ஓயாது. ஓடத் தயாரான பணி ஒன்றை அந்த விதி மறந்து, குறித்த கெடு தாண்டியும் காக்க வைத்தால், கெர்னல் அந்த விதியை இறக்கிவிட்டு எல்லாப் பணிகளையும் தன் பழைய வரிசை முறைக்கே திருப்பிவிடும். அந்தக் கெடு 30 வினாடிக்கு மேல் போகாது.