தத்தெடுப்பு ஆணை ஆட்சியரிடம் வந்த பிறகு

2022 செப்டம்பர் 1 முதல் தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றம் பிறப்பிப்பதில்லை. இளைஞர் நீதிச் சட்டத்துக்கு 2021-இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். குழந்தையை வீட்டுக்கு அழைத்துச் சென்ற பின்னரும் ஆணைக்காகவும், அதைக் காட்டிப் பெற வேண்டிய பிறப்புச் சான்றிதழுக்காகவும் பெற்றோர் மாதக்கணக்கில் அலைந்ததைப் பார்த்திருந்ததால், சமூகப் பணியாளர்களில் பலர் இம்மாற்றத்தை வரவேற்றோம்.

கூடவே ஒரு தவறான எண்ணமும் பரவிவிட்டது. "கலெக்டர் கையெழுத்துப் போட்டால் போதுமாமே" என்று, முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையொப்பம் வாங்கிய ஒப்பந்தத்தோடும் கைக்குழந்தையோடும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்க வருகிறார்கள். மாறியிருப்பது ஆணையிடும் அதிகாரி மட்டுமே. தத்தெடுப்பை நெறிப்படுத்தும் மத்திய அமைப்பான 'காரா'வின் இணையதளத்தில் பதிவு, தத்தெடுக்க விரும்புவோரின் வீட்டுச் சூழலை நேரில் பார்க்கும் இல்ல ஆய்வு, காத்திருப்பு வரிசை, குழந்தையைத் தத்துக்கு உரியதெனக் குழந்தைகள் நலக் குழு அறிவிப்பது ஆகிய எதுவும் நீங்கவில்லை. பெற்றவளே முன்வந்து ஒப்படைத்த குழந்தையானாலும், அவள் மனம் மாறித் திரும்பக் கேட்க 60 நாள் அவகாசம் உண்டு. அந்த அவகாசத்தை எந்த முத்திரைத்தாளும் பறிக்க முடியாது. கைவிடப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட குழந்தையை இந்நடைமுறைக்கு வெளியே கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பணம் கைமாறினால் அது குழந்தை விற்பனை. தண்டனை 5 ஆண்டு வரை நீளும். (இந்துக்கள் 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி தத்தெடுப்பது தனிவழிதான், அதிலும் பணம் கொடுக்கல் வாங்கல் கூடாது.)

தத்தெடுக்காமல் ஒரு பிள்ளையைத் தற்காலிகமாக வீட்டில் வைத்து வளர்க்கும் வளர்ப்புப் பராமரிப்பிலும் விதிகள் தளர்ந்துள்ளன. 2024-ஆம் ஆண்டின் மாதிரி வழிகாட்டு நெறிமுறைகள், திருமணமாகாதவர், கணவரை அல்லது மனைவியை இழந்தவர், மணமுறிவு பெற்றவர் எனத் தனித்து வாழ்வோரையும் அனுமதிக்கின்றன. ஆண் தனியாக இருந்தால் ஆண் குழந்தையை மட்டுமே வளர்க்கலாம். வளர்த்த குழந்தையைத் தத்தெடுக்க முன்பு 5 ஆண்டு காத்திருக்க வேண்டும். இப்போது 2 ஆண்டு. பள்ளி வயதுப் பிள்ளைக்கு 5 ஆண்டு நிச்சயமின்மை கொடுமை என்பதால், இந்தக் குறைப்பு சரியானது என்றே கருதுகிறேன். ஆனால் காத்திருப்பு வரிசையைத் தாண்டக் குறுக்குவழியாக இதை நாடுவோர் ஏமாறுவார்கள்: இத்திட்டம் பெரும்பாலும் 6 வயதைக் கடந்த பிள்ளைகளுக்கானது, அவர்களில் பலருக்குப் பெற்றவர்கள் இருக்கிறார்கள், நிலைமை சீரானால் பிள்ளை அவர்களிடமே திரும்பும். விண்ணப்பிக்கும் முன் வீட்டிலுள்ள அனைவரும் இதற்குச் சம்மதிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வரும் பணியாளரும் இதைக் கேட்பார்.